நாய் கடித்த தாரா: பாணும் மஞ்சளும் காப்பாற்றாது

கார்த்திகை மழை விட்டிருந்த ஒரு காலை. எங்கள் ஒழுங்கை முடியும் இடத்தில் உள்ள வெள்ள வாய்க்காலுக்குள் ஒரு வெள்ளைத் தாரா கிடந்தது. இரவு தெருநாய்கள் துரத்தியிருக்க வேண்டும். இடது தொடையில் இரண்டு சிறிய துளைகள், அதே பக்கச் சிறகின் அடியில் ஒரு கிழிசல். கண் திறந்திருந்தது. கழுத்தை மட்டும் மெல்ல உயர்த்தி எங்களைப் பார்த்தது.

பத்து நிமிடத்துக்குள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். பாணைத் தண்ணீரில் நனைத்துத் தீத்தச் சொன்னார் ஒருவர். மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசினால் ஆறிவிடும் என்றார் இன்னொருவர். களைத்துப் போயிருக்கிறது, வாயைத் திறந்து தண்ணீர் ஊற்று என்றார் மூன்றாமவர். சைக்கிளில் வந்த ஓர் அண்ணன், "உது பிழைக்காது பிள்ளை, கழுத்தைத் திருகி விடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த அண்ணனைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் இரக்கப்பட்டுச் சொன்னவர்கள்தான். ஆனால் அந்த இரக்கமான யோசனைகளில் ஒன்று, அண்ணன் சொன்னதைவிட வேகமாகவே தாராவைக் கொன்றிருக்கும். எது என்று எனக்கும் அப்போது தெரியாது. அடுத்து வந்த பத்தொன்பது நாட்களில் கால்நடை வைத்தியரிடம் கேட்டும், தேடி வாசித்தும், பிழை விட்டும் தெரிந்துகொண்டவையே இந்தக் கட்டுரை. வீட்டில் தாரா வளர்ப்பவர்களுக்கும், மழை காலத்தில் வீதியோரம் அடிபட்டுக் கிடக்கும் ஒன்றைக் கண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களுக்கும் உதவலாம்.

தூக்குவதிலேயே தவறு தொடங்குகிறது

கோழியைக் காலில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பழகியவர்கள் நாங்கள். தாராவின் கால்கள் அதன் உடல் நிறைக்கு மெலிந்தவை. காலில் பிடித்துத் தூக்கினால் மூட்டு விலகக்கூடும். இரண்டு சிறகுகளையும் உடலோடு சேர்த்து அணைத்து, அடிவயிற்றை உள்ளங்கையில் தாங்கித் தூக்க வேண்டும். அதற்காக நெஞ்சை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது. பறவைகளுக்கு எங்களைப் போல உதரவிதானம் இல்லை. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் காற்று உள்ளே போகும். பயத்தில் இறுக்கிப் பிடித்த கைக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துப்போகும் பறவைகள் உண்டு.

நான் ஒரு பழைய துவாயால் போர்த்தித் தூக்கினேன். தலையும் மூடிக்கொண்டதும் அடிப்பதை நிறுத்திவிட்டது. இருட்டு பறவையை அமைதிப்படுத்தும்.

பிறகு ஒரு காட்போட் பெட்டி. அடியில் துவாய், பக்கங்களில் காற்றுத் துளைகள், ஒரு பக்கத்தில் மட்டும் துணி சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல். சூடு அதிகமானால் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரு பக்கம். தாராவின் இயல்பான உடல் வெப்பநிலை ஏறக்குறைய 41 முதல் 42 பாகை செல்சியஸ். எங்களுக்கு அது கடும் காய்ச்சல். இரவு முழுவதும் நனைந்து, இரத்தம் இழந்து, பயந்து கிடந்த பறவை அந்தச் சூட்டைத் தக்கவைக்க முடியாமல் குளிர்ந்து போகிறது. குளிர்ந்த உடலில் சமிபாடு நடக்காது. அந்த நேரம் உள்ளே போகும் தீன் அப்படியே தேங்கிக் கிடக்கும். ஆகவே முதலில் சூடு, இருட்டு, அமைதி. அது தலையை நிமிர்த்தி உட்காரத் தொடங்கிய பின் தண்ணீர். அதற்குப் பிறகுதான் தீன். இந்த ஒழுங்கை மாற்றக் கூடாது.

வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றும் யோசனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. தாராவின் மூச்சுக்குழாய் வாசல் நாக்கின் அடியிலேயே திறந்து கிடக்கிறது. ஊற்றும் தண்ணீர் நேரே சுவாசப்பைக்குள் போகலாம். தண்ணீரைச் சிறிய கிண்ணத்தில் முன்னால் வைத்து, வேண்டுமானால் அலகின் நுனியை மட்டும் ஒரு தடவை நனைத்துக் காட்டலாம். குடிக்க முடிந்தால் அதுவே குடிக்கும். எங்கள் தாரா அன்று பின்னேரம் நான்கு மணிக்குத்தான் குடித்தது. முதல் நாள் தண்ணீரில் கொஞ்சம் ஜீவனி கரைத்து வைத்தேன்.

துளை சிறியது, காயம் பெரியது

நாய்க்கடியை வெளித் தோற்றத்தைக் கொண்டு எடைபோடக் கூடாது. பல் போன துளை ஒரு பயறளவுதான் இருக்கும். உள்ளே தசை நசிந்து போயிருக்கும். அதோடு நாய், பூனையின் வாயில் வாழும் பக்டீரியாக்கள் இரத்தத்தில் கலந்தால் பறவை ஓரிரு நாட்களில் இறந்துவிடும். 'முதல் நாள் நல்லாத்தான் இருந்தது, அடுத்த நாள் விடிய செத்துக் கிடந்தது' என்று பலர் சொல்வது இதைத்தான். ஆகவே கடிபட்ட தாராவுக்கு அன்றைக்கே நுண்ணுயிர்க்கொல்லி மருந்து தேவை. அதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

நான் முதலில் அழைத்த தனியார் சிகிச்சை நிலையம் ஒன்றில், நாயும் பூனையும்தான் பார்ப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். எங்கள் பிரதேசத்து அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் பார்த்தார்கள். மாடும் ஆடும் கோழியும் அவர்களுடைய அன்றாட வேலை, தாரா அவர்களுக்குப் புதினமல்ல. பலருக்கு இந்த அலுவலகம் இருப்பது ஞாபகத்துக்கே வருவதில்லை.

வைத்தியரிடம் போகும்வரை வீட்டில் செய்யக்கூடியது கழுவுவது மட்டுமே. கொதித்து ஆறிய ஒரு லீற்றர் தண்ணீரில் 9 கிராம் உப்பு, அதாவது தட்டையாக ஒன்றரைத் தேக்கரண்டி. ஊசி இல்லாத சிரிஞ்சால் மெல்லப் பீய்ச்சிக் கழுவலாம். ஒரே ஒரு எச்சரிக்கை: சிறகின் மேற்பக்க எலும்பு முறிந்து வெளியே தெரிந்தால் அதற்குள் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம். தாராவின் அந்த எலும்பு உள்ளே வெற்றிடமானது, மூச்சுப் பைகளோடு தொடர்புள்ளது. கையைக் கழுவுவதாக நினைத்து நுரையீரலுக்குள் தண்ணீர் விடுவது போல ஆகிவிடும்.

ஸ்பிரிட், டெட்டோல் போன்றவை புண்ணின் உயிருள்ள தசையையும் எரிக்கும். மஞ்சளைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை. தேங்காய் எண்ணெய்தான் சிக்கல். இறகில் எண்ணெய் ஏறினால் இறகுகள் ஒட்டிப் பிரிந்து, தண்ணீர் நேரே தோலுக்குப் போகும். தாராவுக்கு இறகுதான் மழைக்கோட்டும் போர்வையும்.

மழை காலத்தில் இன்னொரு எதிரி இலையான். திறந்த புண்ணில் அது இடும் முட்டைகள் மெல்லிய, வெளிர்மஞ்சள் நிறத் துகள்கள் போல இறகடியில் ஒட்டியிருக்கும். ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். புண்ணைச் சுற்றியுள்ள சிறு இறகுகளை வெட்டி, காலையும் மாலையும் பார்க்க வேண்டும். பெட்டிக்கு மேல் ஒரு நுளம்பு வலைத் துண்டு போட்டிருந்தேன்.

வீட்டில் மிச்சமிருக்கும் மனித மருந்துகள், குறிப்பாக வலி மாத்திரைகள், வேண்டவே வேண்டாம். டைக்ளோபெனாக் என்ற வலி மருந்து கொடுக்கப்பட்ட மாடுகளின் உடலைத் தின்றதால் இந்தியா, பாகிஸ்தான், நேபாளத்தில் இலட்சக்கணக்கான கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. காரணம் 2004 இல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 2006 இல் அந்த மூன்று நாடுகளும் கால்நடைகளுக்கு அந்த மருந்தைக் கொடுப்பதைத் தடைசெய்தன. எங்களுக்கு வலி தீர்ப்பது பறவைக்கு நஞ்சாகலாம்.

'கடிச்சது விசர்நாய் எண்டால்?' என்று பலர் கேட்டார்கள். விசர்நோய் பாலூட்டிகளின் நோய், தாராவிலிருந்து அது வரும் என்று பயப்படத் தேவையில்லை. ஆனால் நாயின் எச்சில் ஈரமாக இருந்த இறகைத் தொட்ட கையில் வெட்டுக்காயம் இருந்தால், சவர்க்காரம் போட்டு நன்றாகக் கழுவிவிட்டு வைத்தியசாலையில் சொல்லிவிடுவது நல்லது.

ஆச்சியின் கணக்கு

இரண்டாம் நாள் உரிமையாளர் தெரியவந்தார். இரண்டு ஒழுங்கை தள்ளி இருக்கும் ஓர் ஆச்சி. ஆறு தாராக்கள் வளர்த்து முட்டை விற்பவர். வந்து பார்த்துவிட்டு, "பிழைச்சால் பிழைக்கட்டும் பிள்ளை. இல்லாட்டிச் சொல்லு, சட்டிக்காவது வரட்டும்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முட்டை இடாத தாரா அவருக்குத் தீன் செலவு மட்டும்தான். ஓட்டோவுக்குக் கொடுத்த காசு தாராவின் விலையில் பாதி.

ஆனால் சட்டி என்ற வழி அடைபட்டுவிட்டிருந்தது. மருந்து கொடுக்கத் தொடங்கினால் அதன் எச்சம் இறைச்சியிலும் முட்டையிலும் தங்கும். ஏழு நாள் மருந்து எழுதிய வைத்தியர், கடைசி மருந்துக்குப் பிறகு ஒரு மாதம் வரைக்கும் முட்டையும் இறைச்சியும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார். இந்தக் காலம் மருந்துக்கு மருந்து மாறும். ஆகவே வளர்ப்பவர்கள் வைத்தியரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஆச்சியிடம் சொன்னேன். "அப்ப உன்னட்டையே கிடக்கட்டும்" என்றுவிட்டுப் போனார்.

கோழித்தீன் போதாது

இரண்டு நாட்களாகத் தாரா எதையும் தொடவில்லை. எச்சம் பளிச்சென்ற பச்சை நிறத்தில் கொஞ்சமாகப் போனது. குடலில் உணவு இல்லாமல் பித்தம் மட்டும் வெளியேறும்போது இப்படி இருக்கும். சமையல் தராசில் வைத்து நிறுத்தேன். முதல் நாள் 1 கிலோ 640 கிராம், மூன்றாம் நாள் 1 கிலோ 520. காயத்தை எட்டிப் பார்ப்பதைவிட இந்த இலக்கம்தான் உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவைக்க வேண்டும்.

என் பிழை, தீனைக் காய்ந்தபடி தட்டில் வைத்தது. தாரா தண்ணீரோடு சேர்த்துத்தான் உண்ணும். பக்கத்தில் தண்ணீர் இல்லாமல் காய்ந்த தீனை விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, ஓர் ஆழமில்லாத பேசினில் தண்ணீர் விட்டு, அவித்த பயறும் பொடியாக அரிந்த பொன்னாங்காணியும் மிதக்க விட்டேன். சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு அலகை விட்டுச் சலசலவென்று சலிக்கத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டு அம்மா குசினியிலிருந்து ஓடிவந்தார்.

பசி திரும்பிய பின்பு எதைக் கொடுப்பது என்பது அடுத்த கேள்வி. பாண் வயிற்றை நிரப்பும், அவ்வளவுதான். புண் ஆறப் புரதம் வேண்டும், எலும்புக்குக் கல்சியம் வேண்டும், பாணில் இரண்டும் போதாது. வெறும் குறுணலும் தவிடும் அப்படித்தான்.

முட்டைக்கோழித் தீனை நனைத்துப் பிசைந்து அடிப்படை உணவாக வைக்கலாம். வளர்ந்த தாரா ஒன்று ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 முதல் 200 கிராம் வரை காய்ந்த தீன் எடுக்கும். ஆனால் தாராவும் கோழியும் ஒன்றல்ல. நயசின் எனப்படும் B3 விற்றமின் தாராக்களுக்குக் கோழிகளைவிட அதிகம் தேவை. வளரும் தாராவின் தீனில் கிலோவுக்கு 55 மில்லிகிராம் அளவு இருக்க வேண்டும் என்பது ஏற்கப்பட்ட கணக்கு. முட்டைக்கோழிக் குஞ்சுக்கு அதில் பாதி போதும். குறைந்தால் கால் மூட்டு வீங்கி, கால் வளைந்து, நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடும். சோளத்தில் நயசின் இருந்தும் பெரும்பகுதி உடலுக்குக் கிடைக்காத வடிவில் கட்டுண்டு இருக்கிறது. எங்கள் ஊர்களில் 'வாதம் வந்த தாராக்குஞ்சு' என்று கைவிடப்படுபவற்றில் எத்தனை வெறும் நயசின் குறைபாடோ என்று யோசித்திருக்கிறேன். உப்பில்லாமல் அவித்த நெத்தலி, சூடை போன்ற சிறுமீன் இதற்கு நல்ல மலிவான வழி. ஒரு பிடி போதும். வைத்தியர் விரும்பினால் மாத்திரையாகவும் தருவார்.

முட்டையிடும் பெட்டைக்குக் கழுவிக் காயவைத்து நொறுக்கிய முட்டைக்கோது தனிக் கிண்ணத்தில் வைக்கலாம், தேவையானதை அதுவே எடுக்கும். மாரியில் தோட்டங்களில் பெருகும் ஆபிரிக்க நத்தையைத் தாரா விரும்பும் என்றாலும், உப்போ நஞ்சோ போட்டுக் கொன்ற நத்தை வேண்டாம். நோயுற்ற தாராவுக்கு நத்தையே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம், ஒட்டுண்ணிகள் வரலாம். ஆனைக்கொய்யா பறவைகளுக்கு நஞ்சு. அவிக்காத போஞ்சி விதை, கருவாடு, மிச்சக் கறி இவையும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட மழை காலத்தில் கவனிக்க வேண்டியது பூஞ்சணம். 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தாராக்குஞ்சுகளும் செத்தன. தேடிப் போனபோது பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சணம் சுரந்த நஞ்சு என்று தெரிந்தது. அஃபிளாரொக்சின் என்று இன்று நாங்கள் அறிந்திருக்கும் நஞ்சு அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது. தாராக்குஞ்சுகள் அதற்கு அவ்வளவு இலகுவில் பலியாகும் என்பதால், ஆய்வுகூடங்களில் நஞ்சைக் கண்டுபிடிக்க அவற்றையே பயன்படுத்தினார்கள். ஈரப்பட்டுக் கட்டிபட்ட தேங்காய்ப் புண்ணாக்கை 'மாட்டுக்கு ஆகாது, தாராவுக்குப் போடு' என்று சொல்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம். நனைத்த தீனையும் எங்கள் வெப்பத்தில் சில மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

நீச்சல் எப்போது?

தாரா என்றால் தண்ணீரில் விட வேண்டும் என்று எல்லோரும் நினைப்போம். வால் அடியில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியிலிருந்து அலகால் எடுத்து இறகைக் கோதினால்தான் இறகு தண்ணீரை விலக்கும். நோயில் கிடக்கும் தாரா கோதுவதில்லை. அதைக் குளத்தில் விட்டால் துணி போல ஊறி, குளிர்ந்து, மூழ்கவும் கூடும். ஆனால் குடிதண்ணீர்க் கிண்ணம் தலையை நனைக்கும் ஆழம் இருக்க வேண்டும். மூக்குத் துளையையும் கண்ணையும் கழுவ முடியாத தாராவுக்குக் கண் பீளை கட்டி ஒட்டிக்கொள்ளும்.

ஒன்பதாம் நாள், புண் மூடிய பிறகு, வெயில் நேரத்தில் பத்து நிமிடம் குளிக்க விட்டேன். முன்வாசல் முழுக்கச் சேறு.

சீமெந்துத் தரையில் வைக்காதீர்கள். நொண்டும் தாரா நல்ல காலில் முழுப் பாரத்தையும் போடுவதால் அந்தப் பாதத்தின் அடியில் புண் வந்து சீழ் பிடிக்கும். வைக்கோல் பரப்பித் தினமும் மாற்ற வேண்டும். கூட்டமாக வாழும் பறவை என்பதால் தனிமையிலும் வாடும். ஆச்சியின் இன்னொரு பெட்டையைக் கூட்டிவந்து பக்கத்தில் வலைக்கு அப்பால் விட்டபோது எங்கள் தாரா கூடுதலாகத் தின்றது. சேவல் தாராவைச் சேர்க்க வேண்டாம், ஏறி மிதித்துப் புண்ணைக் கிழித்துவிடும்.

கடிகாயமே இல்லாமல் கழுத்துத் தொய்ந்து, காலும் சிறகும் சோர்ந்து கிடக்கும் தாரா வேறு வகை. அழுகிய பொருளிலும் அதில் நெளியும் புழுவிலும் உருவாகும் பொட்டுலினம் நஞ்சு அப்படிச் செய்யும். பல பறவைகள் ஒரே நேரத்தில் செத்துக் கிடந்தால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம், கால்நடை வைத்திய அலுவலகத்துக்கு அறிவியுங்கள். தனித் தாராவைப் பராமரிக்கும்போதும் கையைக் கழுவுங்கள், அதன் கிண்ணத்தைக் குசினித் தொட்டியில் கழுவாதீர்கள்.

கண்டெடுத்தது காட்டுத் தாராவாக இருந்தால்

ஐப்பசி தொடங்கிப் பங்குனி வரை வங்காலை, சுண்டிக்குளம் போன்ற நீர்நிலைகளுக்கு ஊசிவால் வாத்து, நீலச்சிறகி என்று ஆயிரக்கணக்கில் வலசை வருகின்றன. சீழ்க்கைச் சிறகி எங்கள் குளங்களிலேயே வருடம் முழுவதும் வாழ்வது. இவற்றில் ஒன்று மின்கம்பியில் மோதியோ வலையில் சிக்கியோ கிடைத்தால், மேலே சொன்ன பெட்டி, இருட்டு, சூடு எல்லாம் பொருந்தும். வீட்டில் வைத்து வளர்ப்பது மட்டும் பொருந்தாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச்சட்டத்தின் கீழ் அவை பாதுகாக்கப்பட்டவை. வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். மனிதரோடு பழகிய காட்டுப் பறவை திரும்பிப் போனாலும் நாயையும் வேட்டைக்காரரையும் கண்டு ஓடாது.

எங்கள் தாரா பத்தொன்பதாம் நாள் 1 கிலோ 710 கிராம் நிறையோடு ஆச்சி வீட்டுக்குப் போனது. இடது கால் இன்னும் நொண்டுகிறது. மருந்தின் ஒரு மாதம் முடியும் நாளை ஆச்சி வீட்டுக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்து ஆச்சி வாசலில் நின்றார். கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய ஒரு முட்டை. "உன்ர தாரா இட்டது பிள்ளை, உனக்குத்தான் கொண்டு வந்தனான்." மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். வட்டம் போட்ட நாளுக்கு இன்னும் ஆறு நாட்கள் இருந்தன. தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"அடி விசரி," என்றார் ஆச்சி, "நான் முந்தநாளே ரெண்டைப் பொரிச்சுச் சாப்பிட்டிட்டன்."